டயர்க்காரர் சொன்னதில் நான் சொல்லாத பாதி

2006ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். ஒஸ்லோ நகரின் கிழக்கு ஓரத்தில், பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஒரு டயர்க் கடையில் நான் ஒரு தவறு செய்தேன். இதை எழுத இத்தனை வருடங்கள் தயங்கினேன். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். இனியும் தள்ளிப்போட எனக்கு உரிமையில்லை.

யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவன் நான். நோர்வேக்கு வந்தபின் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். ஆனால் நோர்வேஜிய மொழியை முறையாகப் படித்திருந்ததால், எங்கள் தேவாலயத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் வைத்தியரிடமோ பள்ளிக்கூடத்துக்கோ அரச அலுவலகத்துக்கோ போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எல்லோருக்கும் நான் ‘மாஸ்டர்’. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது என்று இப்போது சொல்கிறேன்.

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் நான் இருந்த அதே தொடர்மாடியில் ஒரு நண்பர் குடியிருந்தார். என்னைவிட இருபது வயது இளையவர். தீவுப் பகுதியில் மீன்பிடித்தவர். வார நாட்களில் உணவகத்தில் கோப்பை கழுவுவார். சனிக்கிழமைகளில் அவரும் மனைவியும் திராமன் நகருக்கு அப்பால் மலைச்சரிவில் இருந்த விடுமுறைக் குடில்களைத் துப்புரவு செய்யப் போவார்கள். கடைசி இரண்டு கிலோமீற்றர் செங்குத்தான மண் பாதை. இலையுதிர் காலத்தில் சேறு, பிறகு ஏப்ரல் வரை பனி. அதற்காகவே ஒரு பழைய ஜீப் வாங்கினார்.

இங்கே கோடைக்கு ஒன்று, பனிக்காலத்துக்கு ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு முறை டயர் மாற்றுவது வழக்கம். அவருடைய நிலவறையிலோ மகளின் சைக்கிளும் பனிச்சறுக்குக் கட்டைகளும் போக ஒரு டயர் வைக்கக்கூட இடமில்லை. சேற்றுக்கும் பனிக்கும் சேர்த்து ஒரே டயராக எதைப் போடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது கேட்டார். நான் பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து விளக்கினேன். ஆழமான பள்ளங்கள், பெரிய ரப்பர்க் கட்டிகள், உராய்வு. வன்னிச் சேற்றில் உழவு மெசின் புதையாமல் போவதை நீங்கள் எல்லோரும் பார்த்ததில்லையா என்று கேட்டேன். சுற்றி நின்ற பத்துப் பேர் தலையாட்டினார்கள். பனியில் ஓட்டுவதைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரியாது என்று நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் டயர்க் கடைக்கு அவருடன் போனேன். நான் வரைந்ததுபோலவே ஒரு டயர் முன்வரிசையில் நின்றது. நண்பர் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. கரி படிந்த கையால் அந்த டயரில் நகத்தை அழுத்தினார். பிறகு பின்வரிசையிலிருந்து வேறொன்றை உருட்டிவந்து அதிலும் அழுத்திக் காட்டினார். எனக்குத்தான் விளக்கினார், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. முதலாவது டயர் சேற்றிலும் புதுப்பனியிலும் நன்றாகக் கடிக்கும். ஆனால் குளிரில் அதன் ரப்பர் இறுகிவிடும், ஐஸ் மேல் அது வெறும் மரக்கட்டை. இரண்டாவதன் ரப்பர் மென்மையானது. அதன் கட்டிகளில் பிளேடால் கீறியதுபோல மெல்லிய கோடுகள் நிறைய இருந்தன, பக்கவாட்டில், கடும் பனிக்காலத்துக்கு உரியது என்று காட்டும், மலைக்குள் ஒரு பனிப்பூ அடையாளமும் இருந்தது. ஒரே டயர்தான் வேண்டுமென்றால் இதை எடுக்கட்டும், ஐஸ் நாட்களுக்குச் சக்கரத்தில் கட்டும் சங்கிலியும் வண்டியில் இருக்கட்டும் என்றார். மலைக்குப் போகிறவர், இதை அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

"என்னவாம், மாஸ்டர்?" என்று நண்பர் கேட்டார்.

"சேத்துக்கும் ஸ்னோவுக்கும் திறமாம்" என்றேன்.

"அதுக்கே இவ்வளவு நேரம் கதைச்சவர்?"

"கடைக்காரர் அப்பிடித்தான் தம்பி. விக்காமக் கிடக்கிறதை எங்கட தலையிலை கட்டப் பாக்கிறார்."

பத்துப் பேருக்கு முன்னால் படம் வரைந்துவிட்டேன். இப்போது அது பிழை என்று என் வாயாலேயே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. என்னால் முடியவில்லை. போதாததற்கு ஒரு நேர்மையான மனிதரைக் கள்ளனும் ஆக்கினேன். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு நண்பர் காட்டிய முன்வரிசை டயர்களையே எடுத்து வண்டியில் பூட்டினார்.

வீட்டு வாகனத் தரிப்பிடத்தில் ஜீப்பைப் பார்த்த நண்பரின் மனைவி இடுப்பில் கை வைத்தபடி நின்றார். "இதென்ன, ஒஸ்லோவிலை வயல் உழப்போறியளோ?" என்று கேட்டார். "மாஸ்டர் கணக்குப் பாத்துச் சொன்ன ரயர். உனக்கு விளங்காது" என்றார் நண்பர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நவம்பரில் பயம் பிடித்தது. தினமும் தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை பார்ப்பேன். மலையில் மைனஸ் பத்து, புதுப்பனி என்றால் மூச்சு விடுவேன். பூச்சியத்தை ஒட்டி நின்றால் அடுத்த அறிக்கைக்கும் காத்திருப்பேன். மழை பெய்து உடனே உறையும் நாளில்தான் ஐஸ் மிக மோசமாக வழுக்கும். இந்தப் பௌதிகம் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. சனிக்கிழமைகளில் அவர்களுடைய ஜீப் தரிப்பிடத்துக்குத் திரும்பும்வரை யன்னலை விட்டு நகரமாட்டேன். ஒவ்வொரு முறையும், அடுத்த கிழமை சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஒரு குடிலின் உரிமையாளருடன் கதைக்க வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அன்றைய அறிக்கை பூச்சியம் என்றது. போகவேண்டாம் என்று சொல்லக் காரணம் இருந்தது, அதைச் சொல்லத்தான் துணிவில்லை. நடப்பது நடந்தால் நானும் அந்த வண்டிக்குள் இருக்கட்டும் என்று ஏறினேன்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மென்பனியை அந்த டயர்கள் உண்மையாகவே கடித்துக்கொண்டு போயின. இரண்டு குடில்களைத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது மழை தூறியது. பிறகு வானம் வெளித்துக் குளிர் இறங்கியது. மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் வெளியே வந்தபோது பாதை முழுவதும் கண்ணாடிபோல மின்னியது.

வளைவுகளில் தலை சுற்றும் என்பதால் நண்பரின் மனைவி குப்பைப் பைகளுடன் முன்னதாகவே நடந்து இறங்கிவிட்டார். வழுக்காமலிருக்கச் சப்பாத்துக்கு அடியில் ஆணிப்பட்டை மாட்டியிருந்தார். பாதையின் அடியில் பெரிய குப்பைத் தொட்டிகள் இருந்தன, அவற்றுக்குப் பின்னால் பள்ளமும் ஆறும். நாங்கள் வாளிகளையும் தூசி உறிஞ்சியையும் ஏற்றிவிட்டு மெதுவாகப் புறப்பட்டோம்.

பாதையோரப் பனியைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து கடைசி வளைவுவரை வந்துவிட்டோம். அதைத் தாண்டியதும் நண்பர் பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் நின்றன. வண்டி நின்றதாகத்தான் நினைத்தேன். ஆனால் யன்னலுக்கு வெளியே மரங்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

சத்தமே இல்லை. முதலில் நடக்கும் வேகம், பிறகு சைக்கிள் வேகம். நண்பர் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி அதைக் கேட்கவில்லை. நேர் கீழே அவர் மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டிக்குள் பையைத் தள்ளிக்கொண்டிருந்தார். நண்பர் ஹோனை அழுத்திப் பிடித்தார். மனைவி திரும்பினார். தன்னை ஏற்றிக்கொள்ள வருகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு கையை உயர்த்தினார்.

"விலத்து! விலத்தடி! மாதாவே!" என்று நண்பர் கத்தினார். கடலில் புயலைக் கண்டவர். அவருடைய குரல் குழந்தையின் குரல்போல இருந்தது. நான் கத்தவில்லை. என் காதுக்குள் கடைக்காரரின் குரல் மட்டும் கேட்டது. மரக்கட்டை. ஐஸ் மேல் மரக்கட்டை. அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு மெல்ல மறைவதைப் பார்த்தேன். அவ்வளவு தெளிவாகப் பார்த்தேன். விலகத் தொடங்கிய பிறகும் அவர் போதிய தூரம் போகவில்லை.

நண்பர் திடீரெனப் பிரேக்கை விட்டார். சக்கரம் உருண்டது. முன்சக்கரம் ஒன்று பாதையோரப் புதுப்பனியில் மாட்டிக் கடித்தது. ஜீப் பனிமேட்டுக்குள் மூக்கைச் சொருகியது. ஆனால் பின்பக்கம் சுழன்று வந்து தொட்டியை அடித்தது. தொட்டி அவர் மனைவிமேல் சாய்ந்தது.

நான் கதவைத் திறந்து ஓடப்போய் விழுந்தேன், தவழ்ந்துதான் போனேன். மனைவி பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்திருந்தார். அது இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. அவருக்கும் ஆற்றுக்கும் நடுவில் இரண்டு அடி கூட இல்லை.

பக்கத்துப் பண்ணைக்காரர் சங்கிலி கட்டிய உழவு இயந்திரத்துடன் வந்து ஜீப்பை இழுத்துவிட்டார். போவதற்கு முன் குனிந்து டயரைப் பார்த்தார். இந்த டயரோடு குளிர்காலத்தில் மலைக்கு வந்தீர்களா, அடுத்த முறை ஆள் செத்துப்போகும் என்றார்.

"என்னவாம் மாஸ்டர்?"

மனைவி வலியில் முனகிக்கொண்டிருந்தார். "கவனமா ஓடட்டாம்" என்றேன். அன்றைக்குக்கூட அப்படித்தான் சொன்னேன்.

திராமனில் அவசர சிகிச்சைப் பிரிவில் கைக்குக் கட்டுப் போட்டார்கள். வைத்தியர் சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். காத்திருக்கும்போது நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லகாலம் நீங்கள் இந்த ரயரைப் போடச் சொன்னது. பாத்தியளே, ஸ்னோவிலை எப்பிடிக் கடிச்சு நிண்டது? எல்லாம் என்ரை ஓட்டத்திலைதான் பிழை" என்றார்.

மூன்று நாட்கள் அவர்கள் கண்ணில் படாமல் இருந்தேன். புதன்கிழமை படிக்கட்டில் அவரைக் கண்டேன். வருகிற சனிக்கிழமை மனைவிக்குப் பதிலாக மகளைக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார். அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயது. பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொன்னால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆனால் குருவானவர் அந்த ஜீப்பில் போகப்போவதில்லை.

வியாழன் மாலை அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார்கள். நின்றபடியே சொன்னேன். கடைக்காரர் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, பண்ணைக்காரர் சொன்னது, நான் மாற்றியது, எல்லாவற்றையும். ஏன் என்றும் சொன்னேன். என் மதிப்பு குறைந்துவிடும் என்ற பயம் என்றேன்.

நண்பர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஜீப்புச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மனைவிதான் பேசினார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அமைதியாகக் கேட்டார்.

"மாஸ்டர், மூண்டு வருசத்துக்கு முதல் என்ரை வயித்து ஒப்பரேசனுக்கு நீங்கள்தானே கதைச்சனீங்கள். பிள்ளையின்ரை பள்ளிக்கூடத்திலையும் நீங்கள்தான். அங்கையெல்லாம் அவை சொன்னதை முழுசாச் சொன்னனீங்களோ?"

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மகளின் ஆசிரியர் கடுமையாகச் சொன்ன ஒன்றை நான் மென்மையாக்கியது நினைவுக்கு வந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் வேறொரு வழியும் இருப்பதாக ஏதோ சொன்னார். அதைச் சொன்னேனா, நேரமாகிறது என்று விட்டுவிட்டேனா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

"பெரும்பாலும் சொன்னனான், பிள்ளை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டார். அதற்குமேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

அடுத்த நாள் நண்பர் மொழிபெயர்க்க மகளைக் கூட்டிக்கொண்டு டயர்க் கடைக்குப் போய் வேறு டயர் போட்டுக்கொண்டு வந்தார். சனிக்கிழமை அவர்கள் போய் நல்லபடியாகத் திரும்புவதை யன்னலிலிருந்து பார்த்தேன். மனைவி மாலை வகுப்பில் சேர்ந்து நோர்வேஜிய மொழி படித்தார். தேவாலயத்தில் கண்டால் இருவரும் மரியாதையாகச் சிரிப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு என்னை எந்த இடத்துக்கும் அவர்கள் கூட்டிக்கொண்டு போகவில்லை.

சறுக்கிய வண்டிக்குள் இருந்த பயம் ஒரு சில விநாடிகளில் முடிந்துவிட்டது. நண்பரின் மனைவி கேட்ட கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை என்ற பயத்தோடுதான் இன்றும் கண்விழிக்கிறேன்.