லத்தீன் தெரிந்த கோழிகள்

மாதாகோயில் சாமியாராகிறேன் என்று பெங்களூர் குருமடத்துக்குப் போன என் சித்தப்பா, ஒரு வருஷம் முடிவதற்குள் பெட்டியோடு கிருஷ்ணகிரிக்குத் திரும்பிவிட்டார். படித்த லத்தீனில் உருப்படியாக மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். கல்லீனா என்றால் கோழி. கோழியைப் பிடித்தால் கல்லீனாம், பல கோழிகள் நின்றால் கல்லீனே, அவற்றின் முட்டை என்றால் கல்லீனாரும், அவற்றுக்குத் தீனி என்றால் கல்லீனிஸ். சாயங்காலம் இதையே பூசை ராகத்தில் இழுத்துப் பாடித்தான் கோழிகளைக் கூண்டில் அடைப்பார். தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் வந்து பழகிய எங்கள் ஊர்க் கோழிகள் லத்தீனுக்கும் வந்தன. கூடவே சின்னப்பிள்ளை நானும் பாடுவேன்.

அவருக்குப் பெண் கொடுக்கத்தான் ஆளில்லை. குருமடத்திலிருந்து ஓடிவந்தவன் என்றதும் எல்லோரும் நழுவினார்கள். கடைசியில் காவேரிப்பட்டினத்தில் ஒரு வீட்டில் எங்களையெல்லாம் வரச்சொன்னார்கள். தூரத்து உறவு என்பதால் சாப்பாடும் அங்கேயே. பெண்ணின் அப்பாவுக்கு, பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிப்போனதில் தீராத மனத்தாங்கல். இலையில் கோழிக்குழம்பு விழுந்ததும் கைகூப்பினார்.

"தம்பி, லத்தீன்ல ஒரு செபம் சொல்லுங்க. காதால கேட்டு எத்தினி நாளாச்சு."

சித்தப்பாவுக்கு வியர்த்துவிட்டது. இலையைப் பார்த்தார். கண்ணை மூடினார். கல்லீனாவில் தொடங்கி, கல்லீனாருமில் குரலை உயர்த்தி, கல்லீனிஸில் இறக்கி முடித்தார். பெரியவர் கண்கலங்கி, சிலுவை அடையாளம் போட்டு ஆமென் என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளி என்னை அடுப்படிக்கு விரட்டினாள்.

அங்கே குழம்புச் சட்டியோடு நின்றிருந்த பெண், ஏன் சிரித்தாய் என்று கேட்டாள். கிள்ளு வாங்கிய கோபத்தில் கோழிக்கூண்டு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டிய பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டேன். எனக்குச் சித்தப்பா மேல் கொள்ளைப் பிரியம். அவர் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன். அவளோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய, சுவரில் சாய்ந்துவிட்டாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். சித்தப்பாவின் இலைப் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"கல்லீனா இன்னொரு துண்டு வெக்கட்டுங்களா?"

சித்தப்பாவின் கை வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது. பெரியவருக்கு அது காதில் விழவில்லை. நாங்கள் கிளம்புவதற்குள் பெண்ணுக்குச் சம்மதம் என்று உள்ளிருந்து சொல்லியனுப்பினார்கள்.

பஸ்ஸில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அம்மாவின் காதோடு சொன்னேன்.

"அந்தக்கா அடுப்படியில அப்டி அழுதுச்சும்மா. பாவம், நம்ம சித்தப்பா அதுக்கு வேணாம்மா."