சாவு வீட்டுப் புதுச் சாமை

ராசாத்தி அக்கா போய்விட்டாள் என்று அவள் மகள் போன் செய்தபோது, நான் கள்ளக்குறிச்சிச் சந்தையில் கத்திரிக்காயைக் கொட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடைகளுக்குச் சொன்னேன். “பாவம், எவ்ளோ பட்டுச்சு” என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தெரிந்த நீங்களே இப்படிச் சொல்லலாமா? அவள் காதுபட அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஏச்சு வாங்காமல் தப்பியவர் யார்?

மலைமேல் கரியாலூர்ப் பக்கத்திலிருந்து சாமையும் தினையும் பஸ்ஸில் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து விற்றவள் அவள். ஒரு வருடம் காட்டுப் பன்றி புகுந்து சாமைக் கொல்லையில் பாதியை நாசமாக்கியது. காலையெல்லாம் பன்றியையும் அதன் வம்சத்தையும் திட்டித் தீர்த்தாள். பிறகு இருந்த மூட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவிழ்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னா சிரிக்கிற? நன்றின்னா வாய மூடிக்கினு இருக்கறதா? திட்டறதயும் திட்டணும், கும்புடறதயும் கும்புடணும்” என்றாள்.

அவள் புருஷன் இறந்தது சாமை முற்றி நின்ற நேரம். அவர்கள் ஊரில் புதுச் சாமையைப் பொங்கிச் சாமிக்குப் படைத்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்ட பிறகுதான் வீட்டார் வாயில் வைப்பார்கள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் படையல் கிடையாது. அவள் படைக்கப்போகிறாள் என்று தெரிந்து கொழுந்தன் வந்து தடுத்தார்.

“வெதச்ச ஆளு போய்ட்டாரு, வெளஞ்சது நிக்குதில்ல? அதுக்கு ஒரு கும்புடு போடாம எப்டி துன்றது?” என்று கேட்டுவிட்டு அடுப்பை மூட்டினாள்.

ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. சந்தையிலிருந்து போன நாங்கள் சிலர்தான் சாப்பிட்டோம். மிச்சத்தை வீடு வீடாகக் கொடுத்தனுப்பினாள். பாதி திரும்பி வந்தது. அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். புருஷனுக்காகவும் அழுதாள், ஊருக்காகவும் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “திருப்பி அனுப்புனவங்க வூட்டுக்கு அடுத்த வருஷமும் போவும்” என்றாள். போயிற்று. வாங்கிக்கொண்டார்கள்.

இப்போதும் மலையில் சாமை முற்றித்தான் நிற்கிறது. நேற்று மகள் மறுபடி கூப்பிட்டாள்.

“படைக்கக் கூடாதுன்றாங்க சித்தி. இன்னா பண்றது?”

“நீ ஒலைய வை. நான் கெளம்பி வரேன்” என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் திமிர். கிடைத்ததற்கு நன்றி சொல்ல நான் எவரிடமும் உத்தரவு கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன். அவளைத் தெரிந்தவர்கள் பசியோடு வாருங்கள்.