கிழக்குப் பக்கம் கருகிய துளிர்

சந்திரகலா எதற்கும் பயப்படுகிறவள். ரயிலில் வாசல் பக்கம் நிற்கமாட்டாள். ஆலைச் சங்கு தினமும் ஊதுவதுதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவள் உடம்பு தூக்கிப்போடும். அதிகாரி யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேலை போயிற்று என்றே நினைப்பாள். பொன்னேரியிலிருந்து காலை ரயிலேறி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலைக்குத் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒப்பந்தக் கூலி.

அந்த ஆலைக்குள் அவள் பயமில்லாமல் இருந்த இடம் ஒன்றுதான். ஆசிட் தொட்டிகளுக்கு மேற்கே வரிசையாக நின்ற பதினொரு புங்கமரங்களின் அடி. மாசி முடியும்போது அவை மொட்டையாகிவிடும். கூடை கூடையாகச் சருகு வாருவாள். பிறகு ஒரு வாரம்தான். எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கும் இளம்பச்சை, கிளைக்குக் கிளை தாவிவிடும். பின்னாலேயே பூ. காலையில் தரையெல்லாம் பொரி கொட்டியதுபோல் கிடக்கும். அதைப் பெருக்க மனசு வராமல் வேறு வேலைகளை முதலில் செய்வாள். வரிசைக் கடைசியில் இருந்த வேம்பு செந்துளிர் விட்டுப் பூக்கும். எங்கோ ஒரு குயில் விடாமல் கத்தும். பேக்கிங் பகுதிப் பெண்கள் பங்குனி பிறந்தால் சாப்பாட்டுத் தூக்கோடு அந்த நிழலுக்கு வந்துவிடுவார்கள். அவர்களில் மூத்தவள் எல்லம்மா. யுகாதிப் பச்சடிக்கென்று வேம்படியில் துண்டு விரித்து, உதிரும் பூவைச் சேர்ப்பாள்.

2006 பங்குனி. யுகாதிக்கு ஒரு வாரம் இருந்தது. காலையில் மூன்றாவது மரத்தை அண்ணாந்து பார்த்த சந்திரகலா கூடையைக் கீழே வைத்தாள். நேற்றுவரை மினுங்கிய துளிர்கள் இஸ்திரிப்பெட்டி பட்டதுபோல் பழுப்பாகச் சுருண்டிருந்தன. கிழக்குப் பக்கம் மட்டும். மேற்குப் பக்கத்தில் ஒரு இலைகூட வாடவில்லை. அடியில் ஏழெட்டுத் தேனீக்கள் செத்துக் கிடந்தன.

சூப்பர்வைசர் பரசுராமனிடம் போய்ச் சொன்னாள். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. பூச்சியாக இருக்கும், மருந்து அடி என்றார். அடித்தாள். மறுநாள் ஐந்து மரங்கள் கருகியிருந்தன. ஐந்திலும் அதே கிழக்குப் பக்கம்.

பூச்சிக்குத் திசை தெரியுமா? தெரியாது. அங்கே கடற்காற்று பதினோரு மணிக்கு மேல் கிழக்கிலிருந்துதான் எழும். கிழக்கே தொட்டிகள் இருந்தன. தொட்டியில் ஏதோ கசிகிறது என்று புரிந்ததும் அவள் மரத்தடியை விட்டு விலகி வந்துவிட்டாள். மாலை வீட்டில் புருஷன் அரசப்பனிடம் சொன்னாள். ஒப்பந்த ஆள் வாயைத் திறந்தால் முதலில் வெளியே போவது அவள்தான், பேசாமல் இரு என்றான் அவன்.

மறுநாள் சனிக்கிழமை மதியம்வரை அவள் பேசாமல்தான் இருந்தாள். பன்னிரண்டரை மணிக்குத் தொட்டி வேலியோரம் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, தொட்டிக்குப் போகும் குழாயின் இணைப்பில் நூல்போல ஒரு வெண்புகை எழுந்து மறைந்தது. மூக்குக்குள் ஊசி குத்தியது. பம்பு ஆளிடம் காட்டினாள். அது எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். திரும்பிப் பார்த்தால், பேக்கிங் பெண்கள் பதினான்கு பேர் தூக்குகளோடு மரத்தடிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு இங்கே வேண்டாம் என்று அவள் சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. யாரும் பொருட்படுத்தாமல் உட்காரத் தொடங்கினார்கள். காரணம் சொல்ல நாக்கு புரளவில்லை. கையிலிருந்த தண்ணீர்க் குழாயைத் திருப்பி மரத்தடி முழுவதும் தண்ணீரை அடித்தாள். பெண்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள்.

"இன்னாமே, பைத்தியம் புட்ச்சிக்கிச்சா உனுக்கு?" என்றாள் எல்லம்மா, நனைந்த புடவையை உதறியபடி. சந்திரகலா இன்னும் அடித்தாள். உட்கார இடமில்லாமல் சேறானதும் அவர்கள் திட்டிக்கொண்டே தெற்கே கேன்டீன் தாழ்வாரத்துக்குப் போனார்கள். யாரோ சொல்லிப் பரசுராமன் கத்திக்கொண்டு வந்தார்.

சந்திரகலா குழாயைப் பிடித்தபடியே கருகிய கிளைகளைக் காட்டினாள். "சார், எனுக்கு பயமா இருக்குது. தொட்டி பக்கம் பாத்த எலதான் கருகுது. பொகையக் கண்ணால பாத்தேன். ஒரு தபா வந்து பாருங்க. அப்பறம் வேலய வுட்டுத் தூக்குங்க" என்றாள். ஆறு வருஷத்தில் அவரிடம் அவள் இவ்வளவு பேசியதில்லை. அவர் ஒரு கணம் கருகிய கிளைகளைப் பார்த்தார். பிறகு தொட்டியை நோக்கி நடந்தார்.

பாதி தூரம்கூடப் போகவில்லை. பட்டென்று ஒரு சத்தம். இணைப்பு விட்டுப்போய் வெண்புகை பொங்கியது. காற்று அதை அப்படியே மரங்களின் மேல் தள்ளியது. பரசுராமன் கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாறித் திரும்பினார். ஓடிவிட வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். கால் எழவில்லை. கையில் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. புகையின் மேலும் அவர் முகத்தின் மேலும் மாறி மாறித் தண்ணீரை அடித்தாள். அவர் எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஈர முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அவர் சட்டையைப் பிடித்துத் தெற்குப் பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடினாள். சங்கு ஊதியது. இருபது நிமிஷம் கழித்துதான் யாரோ வால்வை மூடினார்கள்.

பெண்கள் தாழ்வாரத்திலிருந்து பார்த்தார்கள். சற்றுமுன் அவர்கள் உட்கார இருந்த இடம் தெரியாதபடி வெள்ளையாக மூடியிருந்தது. எல்லம்மா சந்திரகலாவின் பக்கத்தில் வந்து குந்தி, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்கோ அங்க சோறு துன்னுகினு இருந்திருப்போமே, கலா" என்றாள்.

யாரும் சாகவில்லை. பரசுராமன் எட்டு நாள் கண்ணில் கட்டோடு இருந்தார். சந்திரகலாவுக்கு இருமல் ஆடி வரைக்கும் நிற்கவில்லை. விசாரணைக்கு ஆட்கள் வந்தபோது, புகையைவிட அவர்களைப் பார்த்துத்தான் அவள் அதிகம் நடுங்கினாள். ஆனால் பரசுராமனே முந்திக்கொண்டு, அவள் இரண்டு நாள் முன்பே சொன்னதையும், தான் மருந்து அடிக்கச் சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். குழாய்களையெல்லாம் மாற்றினார்கள். இரண்டு மரங்கள் பட்டுப்போயின.

அதற்குப் பிறகு அவள் துணிச்சல்காரி ஆகிவிட்டாள் என்று சொன்னால் பொய். அடுத்த பங்குனியில் துளிர் விட்டபோது சந்தோஷப்படுவதற்கு முன்னால், ஒவ்வொரு மரத்தையும் கிழக்குப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்தாள். ஒரு இலையில் சிறு புள்ளி இருந்தாலும் கிளையை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். சில காலைகளில் பரசுராமனும் கூட வந்தார். இருவரும் கடைசி மரம்வரை பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.