மேற்பார்வையாளரின் பல்

புனே பக்கம் தளேகாவில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில் எனக்கு ஆறு மாத ஒப்பந்தம். முடிந்ததும் ஒரு வார இடைவெளி, பிறகு புதிய ஒப்பந்தம். இடைவெளி காகிதத்தில் மட்டும்தான். அந்த வாரமும் அதே பிரஸ் மெஷினில் நிற்போம். வருகை அட்டை இருக்காது. இப்படியே நான்கு ஆண்டுகள்.

1999 மழைக்காலத்தில், அப்படியொரு வாரத்தில், பக்கத்து மெஷின்காரரின் இரண்டு விரல்கள் நசுங்கின. தகட்டில் ஒட்டியிருந்ததை நான்தான் துணியில் வழித்தெடுத்தேன். ஆஸ்பத்திரியில் ஆலை ஆட்கள், "ரோட்டுல அடிபட்டுக் கிடந்தான், தூக்கிட்டு வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை மேற்பார்வையாளனிடம் எனக்கு வருகை அட்டை கேட்டேன்.

"ஏ அண்ணா, உனக்கும் ரெண்டு விரல் ஜாஸ்தியா இருக்கா?" என்றான். தெற்கிலிருந்து வந்த எல்லோரும் அவனுக்கு அண்ணாதான், நக்கல்.

"அட்டை குடுத்தாத்தான் மெஷினத் தொடுவேன்."

தகடு நெம்பும் இரும்புக் கம்பியை என் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் மெஷின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. காவலாளிகள் காலைப் பிடித்து இழுத்துப்போய் கேட்டுக்கு வெளியே சேற்றில் எறிந்தார்கள். எனக்குக் கட்டுப் போட்டு முடிவதற்குள், நான் அவன் வாயில் குத்திப் பல்லை உடைத்ததாக அவன் போலீசில் புகார் கொடுத்திருந்தான்.

வேலையைத் திரும்பக் கேட்டு நான் வழக்குப் போட்டேன். தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆலை வேறு பாட்டுப் பாடியது: ஒப்பந்தம் முடிந்தது, யாரையும் நீக்கவில்லை, அந்த வாரம் இவர் வேலையிலேயே இல்லை. நான் வேலையில் இருந்ததை நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட விரலிழந்தவரைச் சந்தையில் வைத்து அடித்தார்கள். அவர் ஊருக்கே போய்விட்டார்.

என் வக்கீலம்மா புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"பல்லை உடைச்சேன்னு அவன் சொல்றதை இங்க மறுக்காதீங்க. சும்மா உக்காருங்க, பஸ், அது போதும்."

"நான் அடிக்கவே இல்ல மேடம்."

"அரே, தெரியும். அதைப் போலீஸ் கேஸ்ல சொல்லிக்கலாம். இங்க அவனே பேசட்டும்."

குறுக்கு விசாரணையில் மேற்பார்வையாளனிடம் மராத்தியில் சாவகாசமாகக் கேட்டார். "குடிச்சிட்டு விழுந்துதானே பல்லு போச்சு?"

"எவன் சொன்னது?" மேற்பார்வையாளன் கூண்டைக் குத்தினான். "என் பிரஸ் ஷாப்ல, அன்னிக்குக் காலை ஷிப்டுல, மெஷின்ல நின்னவன் திரும்பிக் குத்தினான்!"

"யாரோட மெஷின்?"

"அவனோடதுதான்! நாலு வருஷமா அவன்தானே ஓட்டறான்!"

ஆலையின் வக்கீல் எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை தளேகாவ் ரயில் நிலையத்தில் மூன்று பேர் என்னைத் தூணோடு சேர்த்து அழுத்தி முகத்தில் குத்தினார்கள். உமிழ்ந்தபோது ரத்தத்தோடு ஒரு பல்லும் வந்தது. அந்த வழக்கில் நிஜமாகப் போன பல் அது ஒன்றுதான்.

தீர்ப்பு 2003இல் வந்தது. நான்கு ஆண்டுகளும் தொடர்ந்த வேலை, ஒப்பந்தம் வெறும் போர்வை, மீண்டும் சேர்க்க வேண்டும். திரும்பிப் போன அன்று மேற்பார்வையாளன் முகம் பார்க்காமல் அட்டையை நீட்டினான். பிரஸ் மெஷின் அருகே, பழைய இடத்திலேயே அந்தக் கம்பி சாய்ந்து நின்றது. எடுத்து என் கைக்கு எட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெஷினை ஓட்டினேன்.