பொங்கலன்று எனக்கு எதிரே சேகர் அண்ணன்

எங்கள் ஆறு வீட்டார் கைபேசியில், நிஜ ஆட்டக்காரர்களை வாரா வாரம் பொறுக்கி அணி போட்டு, அவர்கள் ஆட்டத்துக்குக் கிடைக்கும் புள்ளிகளை வைத்து ஆடும் ஃபேண்டஸி ஃபுட்பால் லீக்கில், எந்த வாரம் யாரோடு யார் மோதுகிறார்கள் என்று எழுதிப் போடுவது என் வேலை.

பொங்கல் வாரப் பட்டியலில் சேகர் அண்ணன் பெயரை எடுத்துவிட்டேன். கார்த்திகையில் மாரடைப்பில் போய்விட்டார். சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருடம் பண்டிகை கிடையாதே. அவரோடு மோத வேண்டிய எனக்கு ஓய்வு என்று போட்டேன்.

இன்று காலை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவி கஸ்தூரி பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, அவரு டீம எடுத்துட்ட?"

"பண்டிகை இல்லாத வூடாச்சேம்மா."

"பொங்கப் பானதான் வெக்கக்கூடாது. டீமுக்கு இன்னா தீட்டு?"

"இனிமே யாரு ஆள மாத்தி ஆடறது?"

"அவரு போனதுலருந்து நான்தான் வாரா வாரம் மாத்திக்கினு கீறேன். அவரு பேர்ல ஓடிக்கினு கீறது அது ஒண்ணுதான். அதையும் நிறுத்திடாதக்கா."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பட்டியலைத் திருத்திவிட்டேன்.

நான் சாமி கும்பிடாமல் அணி போட்டதில்லை. இந்த முறை என்ன வேண்டிக்கொள்வது? அண்ணனை ஜெயித்துவிட்டு, எந்த முகத்தோடு கஸ்தூரிக்குப் பொங்கல் எடுத்துப்போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.