குட்டி வைத்த சிங்கம்

காரியாபட்டியில் என் வீட்டுக்காரரின் அண்ணன் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். வாசலில் இரண்டு சீனச் சிங்கங்கள். சீனாவில் சிங்கமே கிடையாதாம். கேள்விப்பட்டதை வைத்தே செதுக்கி, அரண்மனைக் காவலுக்கு நிறுத்தினார்களாம். பந்தை மிதிக்கும் ஆண் சிங்கம் உலகத்தை ஆளும், குட்டியைக் காலடியில் வைத்திருக்கும் பெண் சிங்கம் வம்சத்தைக் காக்கும் என்று வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிலைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபின் சிங்கங்களுக்கும் வைக்கச் சொன்னார்கள். கிண்ணத்தோடு பெண் சிங்கத்தின் முன்னால் குனிந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் மனைவி என் கையைப் பிடித்துவிட்டார்.

“நீ இதுக்கு வைக்காத. அந்தா, பந்து வச்சிருக்கே, அதுக்கு வை. ஒனக்கு அதான் தோது.”

“சிமெண்டுச் சிங்கங்கூடப் பெத்துருச்சு மதினி,” என்றாள் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது.

“அவுக சொல்றதச் செய்யேன். நல்ல நாளும் அதுவுமா என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிற?” என்றார்.

பந்துச் சிங்கத்துக்குப் பொட்டு வைத்தேன். அண்ணன் மனைவி கிண்ணத்தை வாங்கி, மிச்சச் சந்தனத்தை வாசலில் கொட்டினார். கிண்ணத்தைக் கழுவி, புதிதாகச் சந்தனம் கரைத்து, குட்டி வைத்த சிங்கத்துக்கு வைத்தார்.