அடுப்பில் வைத்த பாறை

கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் நானும் தங்கையும் வாடகை ஃபிளாட்டில் இருந்தபோது, ஹாலில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி வைத்திருந்தேன். கூட வேலை பார்த்த ஒருவர் வெளிநாடு போகும்போது தன் தொட்டியைக் கலைத்து, அதிலிருந்த கடல்பாறைகளை எனக்குத் தந்திருந்தார். அந்த மாதிரிப் பாறை தனியாக வராது. பொந்துகளில் ஒளிந்துகொண்டு என்னென்னவோ கூடவே வரும். டார்ச் அடித்து, ஒவ்வொன்றும் என்ன உயிர் என்று கண்டுபிடிப்பதில் எனக்குப் பைத்தியம். முள்புழு, நத்தை, விரல்நகம் அளவு நண்டு எல்லாவற்றுக்கும் நானே பெயர் சொல்லுவேன். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒரு பாறையில் மட்டும் கண்ணாடி போன்ற அனிமோன்கள், பூ மாதிரி விரியும் கடலுயிர்கள், பெருகி, பக்கத்திலிருந்த பவளங்களைக் கொட்டிக் கொன்றன. பாறையைக் கொதிக்க வைத்தால் ஒழியும் என்று எங்கோ படித்தேன். அதே பாறையில் பழுப்பு நிறத்தில் பொத்தான் பொத்தானாக வேறொன்றும் ஒட்டியிருந்தது. அது என்னவென்று நான் தேடிப் பார்க்கவில்லை. சாதுவானது என்று நினைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய குக்கரில் அந்தப் பாறையைப் போட்டு, மூடாமல் அடுப்பில் வைத்தேன். ஆபீஸ் போன் வந்தது. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். தங்கை சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, வாயெல்லாம் கசக்குது. இரும்ப நக்கின மாதிரி. எந்தோ போல இருக்கு.”

அரைமணி நேரத்தில் உடம்பு தூக்கிப் போட்டது. இருமல் நிற்கவில்லை. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து, காற்றைக் குடிப்பதுபோல வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

காஷுவாலிட்டியில் பாறையை வேகவைத்ததைச் சொன்னேன். ஆக்ஸிஜன் வைத்துவிட்டு டாக்டர் பாதி மலையாளத்தில் கேட்டார்: “கல்லுல என்ன ஜீவி இருந்துச்சு? கரெக்டா பறயணும். பேரு தெரிஞ்சாத்தான் எனக்கு எதாவது தேட முடியும்.”

இத்தனை மாதமாகப் புழுவுக்கும் நண்டுக்கும் பெயர் தேடியவள், தங்கையின் நெஞ்சுக்குள் போனது என்னவென்று தெரியாமல் நின்றேன்.

பாறை தந்தவர் போனை எடுக்கவில்லை. மீன் வளர்ப்பவர்களின் குரூப்பில் அந்தப் பாறையின் பழைய போட்டோ ஒன்றைப் போட்டுக் கெஞ்சினேன். ஒருவர் காளான் பவளம் என்றார். இன்னொருவர் பயப்படாதீங்க, சாது என்றார். நர்ஸ் வந்து ஆக்ஸிஜனைக் கூட்டினார். நடுவில் ஆரியசாலை வீட்டிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “அவ தூங்குறாம்மா” என்று சொல்லிவிட்டு, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டேன்.

அப்போது தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். குரூப்பில் போட்டோவைப் பார்த்தாராம். கல்லூரியில் கடலுயிர்கள் பற்றிப் பாடம் எடுப்பவராம்.

“அத வேக வச்சீங்களோ?”

“ஆமா.”

“எப்பவாவது அதக் கத்தியால சுரண்டியிருக்கீங்களா? தண்டுல மணல் மாதிரி நறநறன்னு தட்டுப்பட்டுச்சா?”

போன மாதம் ஒன்றைச் சுரண்டிப் பார்த்திருந்தேன். நறநறத்தது. “ஆமா, ஆமா” என்று அந்த வராந்தாவில் கத்தினேன்.

“அப்போ அது பாலிதோவாதான், பொத்தான் பவளத்துல விஷமுள்ள வகை. சூடாக்கினா விஷம் ஆவியில ஏறும். போனை டாக்டர்கிட்ட குடுங்க.”

டாக்டர் நெடுநேரம் கேட்டு, எழுதிக்கொண்டார். இதற்கு மாற்று மருந்து கிடையாது, நுரையீரலைத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும் என்று என்னிடம் மறைக்காமல் சொன்னார். உடனே ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் உண்மையைச் சொன்னதும் அங்கேதான். அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் ஆக்ஸிஜன் குழாயோடு தங்கை என்னைப் பார்த்துக் கேட்டாள், “அடுப்ப அணைச்சியா?”

அணைத்தேனா என்று எனக்கு நினைவில்லை. அந்தக் கல்லூரி ஆசிரியையே என்னிடம் சாவி வாங்கி, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு என் ஃபிளாட்டுக்குப் போனார். அடுப்பு அணைந்துதான் இருந்ததாம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பாறையைக் குக்கரோடு கட்டி எடுத்துப்போனார்.

தங்கை பிழைத்தாள். ஆனால் இரண்டாம் மாடிக்கு ஏறும்போது இன்னும் நடுவில் நிற்கிறாள். நானும் ஒரு படி கீழே நின்று, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.